சங்கு ஊதாத காலை

ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஒரு தலைமுறை முழுக்கச் சங்குச் சத்தத்தை வைத்தே நாளைப் பிரித்துக்கொண்டது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.). அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ல். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தவர்கள் கொரட்டூரிலோ திருமுல்லைவாயலிலோ அரை கிரவுண்டு வாங்கி, பி.எஃப். லோன் போட்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, 58-லோ 60-லோ மாலை மரியாதையோடு வழியனுப்பப்பட்டார்கள். டன்லப் ஆலை மூடியாயிற்று. பஸ் நிறுத்தம் இன்றும் டன்லப்தான். ஆட்களும் அப்படித்தான். ரிட்டயராகிப் பல வருஷம் ஆனவரையும் தெருவில் 'எச்.வி.எஃப். காரர்' என்றே அடையாளம் சொல்கிறோம்.

இந்த அத்தியாயம் அவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும், சர்வீஸில் இன்னும் நாலைந்து வருஷம் மிச்சம் இருப்பவர்களுக்கும். கடைசியாகச் சொன்னவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

வேலை சம்பளத்தை மட்டும் தரவில்லை. பஸ் ஸ்டாப்புக்கும் கேட்டுக்கும் இடையே தினம் ஒரு நடை தந்தது. எட்டு மணி நேரம் நிற்க, குனிய, தூக்க வைத்தது. கேன்டீன் மணிக்குச் சாப்பாடு, டீ நேரத்தில் வம்பளக்கப் பத்துப் பேர், "அந்த ஜாப்பை அண்ணன்கிட்ட குடு, அவர் பார்த்தாதான் சரியா வரும்" என்று ஒரு மரியாதை. இதெல்லாம் சம்பளச் சீட்டில் வராத வரவு. மாதக் கடைசி நாளோடு மொத்தமும் நின்றுபோகிறது. பணத்துக்கு ஓரளவு பென்ஷன் உண்டு. மற்றவற்றுக்கு எந்த அலுவலகமும் பென்ஷன் போடுவதில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் இது தெரியாது. காசி ராமேஸ்வரம், சம்பந்தி வீடு, வீட்டுக்குப் பெயின்ட் என்று ஓடிவிடும். அதன் பிறகு வாசலில் நாற்காலி, பேப்பர், டி.வி. முன்பு ஒரே நாளில் நடந்த தூரத்தை இப்போது ஒரு வாரத்தில்கூட நடப்பதில்லை என்பது, மாடிப்படியில் மூச்சு வாங்கும் அன்றுதான் உறைக்கும்.

நான் பார்த்தவரை, வயதான காலத்தைத் தெம்போடு கழிப்பவர்கள் வேலை தந்த நடை, நேரம், ஆள், மரியாதை ஆகிய நான்கையும் வேறு வழியில் திரும்பக் கட்டிக்கொண்டவர்கள். இனியும் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள் என்றும் சொல்லலாம். மனப்பான்மை என்று நான் சொல்வது அந்த நம்பிக்கையைத்தான்.

மனசு என்ன செய்யும்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்றொரு சிற்றூர். 1975 முதல் அங்கே 50 வயதைக் கடந்தவர்களிடம் தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி, அவர்களில் 660 பேர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்று இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பதிவுகளை எடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார். தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, வசதி, உடல்நிலை, தனிமை ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இதைப் படித்துவிட்டு, நினைத்தால் போதும் ஆயுள் கூடிவிடும் என்று கிளம்பிவிடக் கூடாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. லெவி 2004-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்கள் சத்தாகச் சாப்பிடுவது, உடற்பயிற்சி, டாக்டர் சொன்னபடி மாத்திரை போடுவது போன்ற பழக்கங்களை மற்றவர்களைவிட அதிகமாகக் கடைப்பிடித்தார்கள் என்பது அதில் தெரிந்தது. 'இனி என்ன இருக்கு' என்று உட்கார்ந்துவிட்டவர் எதற்காக மாத்திரையை நேரத்துக்குப் போடுவார்?

அதனால் 'பாசிட்டிவா இருங்க' என்று பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் காலை உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனைவி போய் ஆறு மாதம் ஆகாதவரைச் சிரித்த முகமாக இருக்கச் சொல்வது அநியாயமும்கூட. தேவைப்படுவது அதைவிடச் சின்ன வேலை. 'இந்த வயசுல எதுக்கு?' என்ற பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் அதை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்ப்பது. துணி காயப்போட மாடி எதுக்கு, கீழேயே கொடி கட்டிக்கலாம். மார்க்கெட் எதுக்கு, ஆப்பில் போட்டால் வாசலுக்கு வந்துவிடும். தரையில் எதுக்கு, டைனிங் டேபிள் இருக்கு. கல்யாணத்துக்கு எதுக்கு, மொய்யை ஜிபேயில் அனுப்பிவிடலாம். எல்லாம் பிள்ளைகள் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் அசைவோ ஒரு மனித முகமோ குறைகிறது. முடியாததை விடுவதில் தப்பில்லை. முடிகிறதை விடும்போதுதான் யோசிக்க வேண்டும்.

உடம்புத் தொல்லைகளிலும் இதே கதை. மூச்சு வாங்குவது இதயக் கோளாறாகவோ ரத்த சோகையாகவோ இருக்கலாம். மறதி தைராய்டு குறைவாலும் பி12 குறைவாலும் வரும். சிறுநீரை அடக்க முடியாமல் போவதற்கு வைத்தியம் இருக்கிறது. 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று டாக்டரே சொன்னால், வேறு டாக்டரைப் பாருங்கள். முதியோருக்கென்று தனி மருத்துவம் நம் ஊருக்குப் புதிதில்லை. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் நலப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன், 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஒரே ஆளுக்கு நாலு டாக்டர் தனித்தனியாக மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இப்படிப்பட்ட ஓரிடத்தில் கொட்டிக் காட்டுங்கள். எது அவசியம், எது மற்றொன்றோடு மோதுகிறது என்று பார்த்துச் சொல்வார்கள்.

காலில் தொடங்குங்கள்

முதலில் ஒரு சோதனை. கை இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். கைகளை நெஞ்சுக்குக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் இருக்கும் ஆண் 14 முறையாவது எழ வேண்டும், பெண் 12 முறை. 70 முதல் 74 வரை என்றால் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. அதற்குக் கீழே இருந்தால் விழும் அபாயம் கூடுதல் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வைத்திருக்கும் அளவுகோல். கவலைப்பட வேண்டியதில்லை. அந்தச் சோதனையே பயிற்சியும்தான். தினம் இரண்டு வேளை, பத்துப் பத்தாகச் செய்தால் சில வாரங்களில் எண்ணிக்கை ஏறும்.

'இனிமேல் எங்கே உடம்பு தேறப்போகிறது' என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் காப்பகத்தில், சராசரி வயது 90 உள்ள ஒரு சிறு குழுவுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார் மருத்துவர் மரியா ஃபியாடரோன். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் அது முடிந்தது என்றால் அறுபத்திரண்டில் சாக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

இதன் மறுபக்கமும் உண்டு. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்கள் பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தார்கள். அதற்குள் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. ஓடாமல் நிறுத்திவைத்த லேத்தில் என்ன ஆகும் என்று டர்னர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்தால் காய்ச்சல் இறங்கியதும், டாக்டர் அனுமதித்தால், ஹாலுக்குள்ளாவது நடக்கத் தொடங்கிவிட வேண்டும். 'நல்லா ரெஸ்ட் எடுங்கப்பா' என்று இரண்டு வாரம் படுக்க வைக்கும் மகன், அப்பாவின் காலைப் பிடுங்கிக்கொள்கிறான்.

நடைக்கு வருவோம். பத்தாயிரம் காலடி என்ற கணக்கை எந்த மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயர் அது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் வெளியான கணக்குப்படி, 60 கடந்தவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் காலடிகளிலேயே கிடைக்கவேண்டிய பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. இரண்டாயிரத்தில் இருப்பவர் நாலாயிரத்துக்குப் போனாலே லாபம்தான்.

எங்கே நடப்பது என்பதுதான் இந்தப் பகுதிகளில் உண்மையான பிரச்சினை. ஆவடிக்காரர்களுக்குப் பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. 2019-ல் சீரமைத்துத் திறந்தபோது கரையோரம் சுமார் மூன்று கிலோமீட்டர் நடைபாதை போட்டார்கள். அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு மாநகராட்சிப் பூங்காக்கள். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நடப்பது உடற்பயிற்சியாகாது, சாகசம்தான். குடியிருப்புத் தெருக்களுக்குள் போங்கள். அதிகாலை நாலரைக்கே கிளம்பும் பழைய ஷிஃப்ட் பழக்கத்தையும் விடலாம். இருட்டில் பள்ளமும் நாயும் தெரியாது. ஆறு மணி போதும், அக்னி நட்சத்திரத்தில் ஐந்தரை. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நடையை நிறுத்த வேண்டாம், வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். நடை முடிந்ததும் டீக்கடையில் இரண்டு போண்டா சாப்பிட்டால் நடந்த கணக்கு நேராகிவிடும். ஆனாலும் டீக்கடையை விடச் சொல்ல மாட்டேன். அந்த அரை மணிப் பேச்சு பாதி மருந்து. போண்டாவை மட்டும் விடலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் நடையைப் பிரித்துக்கொள்வது நல்லது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒருமுறை அரை மணி நடப்பதைவிட மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிஷம் நடப்பதே சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததில்தான் பலன் அதிகம். அந்த நேரத்தில் நாம் எல்லோரும் சீரியல் முன்னால் இருக்கிறோம்.

நடை மட்டும் போதாது. 65 கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிலைதடுமாறாமைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி முன்காலில் நிற்பது, கோடு போட்டதுபோல ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை வைத்து நடப்பது. செலவே இல்லாத பயிற்சிகள் இவை. பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரை உள்ள 1,702 பேரைப் பரிசோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களில் அடுத்த ஏழாண்டுகளில் இறந்தவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் இன்னும் இருந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லியில் ஐந்து வேளை தொழுகைக்குப் போகும் பெரியவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. மாங்காட்டிலும் திருவேற்காட்டிலும் பிரகாரம் சுற்றிவிட்டுக் கல்தரையில் உட்கார்ந்து எழுபவர்களுக்கும்தான். மூட்டு தேய்ந்தவர்கள் மட்டும் இதில் வீம்பு பிடிக்க வேண்டாம்; பிசியோதெரபிஸ்டைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காது

இந்த ஊர்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, பொதுவான உடல்நல நூல்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் இன்ஜின் டெஸ்ட் பெட் பக்கத்திலும் முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் காது மெல்லப் போயிருக்கும். காதடைப்பான் கொடுத்திருப்பார்கள், அது சட்டைப்பையிலேயே இருந்திருக்கும். இரைச்சலால் போகும் கேட்கும் திறன் முதலில் கூர்மையான ஒலிகளில் போகிறது. பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. பேத்தியின் கீச்சுக் குரலும் மருமகளின் வேகமான பேச்சும் பிடிபடாது. அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். வீட்டில் சண்டை வரும். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவார்கள்: "தாத்தாவுக்குக் காது கேக்காது, விடு."

அந்த 'விடு'தான் ஆபத்து. பேச்சில் சேர்க்கப்படாதவர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். கொஞ்ச நாளில் 'அவருக்குப் புத்தி தடுமாறுது' என்கிறார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-ல் டிமென்ஷியாவுக்கு இட்டுச்செல்லும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலில் நடுவயதில் வரும் காது மந்தம் முக்கியமான இடத்தில் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை ஆகியவையும் உண்டு.

கண்ணாடி போட வெட்கப்படாத நாம் காதுக்கருவிக்கு வெட்கப்படுகிறோம். ஆடியோகிராம் என்ற சோதனை அரை மணி வேலை. கருவி வாங்கினால் முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் மண்டையைக் குடையும். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தில்தான் அதைக் கழற்றி பீரோவில் வைக்கிறார்கள். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி என்று மூளைக்குப் பழக்க வேண்டும். வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை உண்டு: கத்தாதீர்கள், எதிரே வந்து முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.

தட்டில் என்ன?

ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வுப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் தட்டில் மாவுச்சத்து மலைபோலவும் புரதம் தொட்டுக்கொள்ளும் அளவிலும் இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை. அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு ஐம்பது கிராம். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம்தான் வரும், ஒரு முட்டையில் ஆறு. 'வயசாயிட்டா வயித்துக்கு லேசா சாப்பிடணும்' என்று ராத்திரி இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்பவர்கள், தசையைக் காக்க வேண்டிய வயதில் அதைப் பட்டினி போடுகிறார்கள். சுண்டல், பச்சைப்பயறு, தயிர், முட்டை, மீன் என்று வேளைக்கு ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில். ஆடிக் கூழைக் கோயிலில் வாங்கிக் குடிப்பது சந்தோஷம். ஆனால் கேழ்வரகு என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்று இரண்டு சொம்பு குடிக்க வேண்டாம், கூழாகக் கரைத்தது சீக்கிரம் ரத்தத்தில் சேரும். உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். அதற்குள் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அடக்கம்.

சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு டீக்கடைகளில் ஓடுகிறது. பெரும்பாலும் கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் கொதிப்பும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரண்டுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி ஜாடியில் சேர்த்துவைப்பவர்களை எந்தத் திட்டமும் காப்பாற்றாது.

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஒரு குவார்ட்டர் என்று பழகியவர்கள், ஷிஃப்ட் போன பிறகும் குவார்ட்டரை விடுவதில்லை. சிலருக்குப் பகலிலேயே தொடங்கிவிடுகிறது. வயதான உடம்பில் அதே அளவு அதிகமாக ஏறும், விழவைக்கும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே வினை. இதை மனவுறுதிப் பிரச்சினை என்று நினைத்து மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று தாமாக நிறுத்துவதும் ஆபத்து.

வீட்டுக்குள்ளே விழாமல் இருக்க இரண்டு வார்த்தை: பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, உள்தாழ் போடாத கதவு. ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கொதிப்பு மாத்திரை போடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

ரிட்டயர்மென்ட் இல்லாதவர்கள்

இதுவரை படித்த பெண்கள் சிரித்திருப்பார்கள். அவர்களுக்குச் சங்கும் ஊதியதில்லை, ஓய்வும் வந்ததில்லை. கணவர் ரிட்டயரான நாள்முதல் பகல் டீ இரண்டு கூடியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேரன் பேத்தி: ஒரு பிரசவத்துக்குப் பெங்களூர், இன்னொன்றுக்கு அமெரிக்கா. பிள்ளை வளர்ப்பது சந்தோஷம் என்று அவர்களே சொல்வார்கள், முழங்கால் வேறு சொல்லும். இவர்களுக்கு 'சுறுசுறுப்பாக இருங்கள்' என்ற அறிவுரை எதற்கு? தேவைப்படுவது வீட்டைவிட்டு வெளியே தனக்கென்று ஒரு மணி நேரம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த ஒரு சலுகை, இந்தப் பக்கத்து வயதான பெண்களைக் கோயிலுக்கும் தங்கை வீட்டுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போகவைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து எந்த டானிக்கும் செய்யாத வேலை இது. ஆண்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: காலை டிபனையாவது தானே செய்யப் பழகுவது. மனைவிக்கு உதவி என்பது இருக்கட்டும், அவர் இல்லாமல் போகும் நாளில் மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாட்டில் விழாமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

இருவரும் மறந்துவிடும் இன்னொன்று, பிறருக்குத் தேவைப்படுவது. பேரனைப் பள்ளியில் விடுவது, தெருக் குடியிருப்போர் சங்கத்தில் கணக்கு எழுதுவது, தொழிற்பேட்டைச் சின்னப் பட்டறையில் வாரம் இரண்டு நாள் பையன்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது. கூலி குறைவாக இருந்தாலும் 'அண்ணன் எப்ப வருவாரு' என்று ஒருவர் காத்திருப்பதற்கு விலை உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றும் நடத்திவரும் ஆய்வில், ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். அதைக் கொலஸ்ட்ரால் அளவைவிட உறவே நன்றாகக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அபார்ட்மென்ட் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் செக்யூரிட்டியாக உட்கார்வதை இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். அது மனநிறைவுக்கான வேலை இல்லை. 2014 முதல் குறைந்தபட்ச இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 1,000 ரூபாயாக இருக்கும் நாட்டில் வேறு வழியில்லாமல் பார்ப்பது. அப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரவு ஷிஃப்ட்டைத் தவிர்த்துப் பகலைக் கேளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து வளாகத்தைச் சுற்றுங்கள்.

துக்கம் மாதக்கணக்கில் விடாமல் அழுத்தினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. வீட்டில் கைவிடப்பட்டாலோ சொத்துக்காக நெருக்கினாலோ, 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

கடைசி ஆறு மாதம்

சர்வீஸில் இருப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே நடைக்கு ஒரு கூட்டாளியைப் பிடித்துவிடுங்கள். அதே தெருவில் இருப்பவராக இருந்தால் நல்லது, மழைக்கும் சோம்பலுக்கும் சாக்குச் சொல்ல முடியாது. கம்பெனியின் செலவிலேயே காது, கண், சர்க்கரை சோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட் பணம் வந்த வாரமே மாதம் மூன்று வட்டி என்று யாராவது வாசலுக்கு வருவார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டை உங்கள் இருவர் பெயரிலும் வைத்திருங்கள்.

இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்று: குறைந்தது ஐந்து வருஷம் காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, கணவன் மனைவி இருவரும் தொடர்ந்து மருத்துவம் பெறலாம். ஓய்வு பெற்றதற்கான சான்றை நிர்வாகத்திடமிருந்து கையெழுத்தோடு வாங்க வேண்டும். கம்பெனியே மூடிவிட்ட பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைந்தவர்கள் இந்தத் தொழிற்பேட்டையில் நிறையப் பேர். அதனால் கடைசி வேலைநாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அறுபது ஆனதும் மாநகரப் போக்குவரத்து டெப்போவில் மாதம் பத்து இலவச டோக்கனுக்கும் எழுதிக் கொடுங்கள். 2016 முதல் நடப்பில் இருக்கிறது, குளிர்சாதனப் பேருந்துகளுக்கு மட்டும் செல்லாது. பென்ஷன் படிவங்களையும் உயிர்வாழ்வுச் சான்றையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.